பழகாத புத்தகத்தைப் படித்து உள்ளதைச் சொல்வது எப்படி

இராமநாதபுரக் கடற்கரை ஊர்களான பாம்பனிலோ மண்டபத்திலோ ஒரு கடல் நாவலைக் கொடுத்துக் கருத்துக் கேட்டால், முதலில் வருவது காற்றைப் பற்றிய புகாராகத்தான் இருக்கும். மார்கழியில் கச்சான் அடிக்கிறதாம், எழுதினவருக்குக் கடலே தெரியாது, மூடி வை. புகார் சரிதான்; கச்சான் தென்மேற்குக் காற்று, மார்கழியில் இங்கே அடிப்பது வடகிழக்கிலிருந்து வரும் வாடை. ஆனால் அந்த ஒரு வரி போக மீதி 300 பக்கம் எப்படி என்று கேட்டால் பதில் வராது. இதற்கு நேர் எதிரான ஆட்களும் உண்டு. கவிதை நமக்கு விளங்காது என்ற பயத்தில், எந்தத் தொகுப்பைக் கொடுத்தாலும் ‘அருமை, ரொம்ப ஆழம்’ என்று சொல்லி நழுவிவிடுவார்கள். முன்னவர் ஒரு வரியை வைத்துத் தீர்ப்பு எழுதிவிட்டார்; பின்னவர் மரியாதைக்குப் பேசினார். புத்தகம் எப்படி என்று இருவருமே சொல்லவில்லை.

வழக்கமாகத் தொடாத வகையைப் படித்துவிட்டுப் பேசும்போது, கேட்கிறவருக்கு மூன்று விவரம் வேண்டும். அந்தப் புத்தகம் என்ன செய்யப் பார்த்தது? எங்கே சறுக்கியது? சறுக்கியது புத்தகமா, படித்தவரா? மூன்றாவதைச் சொல்லத்தான் எல்லோருக்கும் கூச்சம். அதை மறைத்தால் முதல் இரண்டையும் யாரும் நம்ப வேண்டியதில்லை.

எதைக் கையில் எடுப்பது

வழக்கத்தை விட்டு விலகுவதென்றால் ஒரே தாவலில் அக்கரைக்குப் போக வேண்டாம். காலம், வடிவம், மொழி, கதை நடக்கும் சமூகம் ஆகிய நான்கில் ஒன்றை மட்டும் மாற்றுங்கள். தமிழ்ச் சமூக நாவல் படிக்கிறவர் அடுத்து மலையாளத்திலிருந்தோ வங்கத்திலிருந்தோ மொழிபெயர்த்த சமூக நாவலை எடுக்கலாம். வடிவம் பழகியதுதான், ஊர்தான் புதிது. அவரே நேராக ஒரு 17ஆம் நூற்றாண்டுக் காப்பியத்தைத் திறந்தால், தான் இடறியது பழந்தமிழிலா, விருத்தப்பாவிலா, சமயக் கதையிலா என்று அவருக்கே தெரியாது. எல்லாம் சேர்ந்து ‘கடினம்’ என்ற ஒரு சொல்லாக வெளியே வரும்.

சங்கப் பாட்டுப் பக்கம் போக நினைப்பவருக்கு வரிக் கணக்கே நல்ல வழிகாட்டி. குறுந்தொகைப் பாட்டு பெரும்பாலும் 4 முதல் 8 வரி, நற்றிணை 9 முதல் 12, அகநானூறு 13 முதல் 31. இந்த வரிசையில், உரையோடு, நெய்தல் பாடல்களை மட்டும் பொறுக்கிப் படியுங்கள். புன்னை, தாழை, உப்பங்கழி, காயப்போட்ட மீனுக்கு வட்டமிடும் பறவை எல்லாம் இந்தக் கரைக்காரருக்கு அடிக்குறிப்பு இல்லாமலே தெரியும். பாதிச் சுமை அங்கேயே இறங்கிவிடும். அகநானூறு 70ஆம் பாட்டில் வரும் ‘தொன்முது கோடி’ தனுஷ்கோடிதான் என்று பலர் கொள்கிறார்கள். நுழைவதற்கு அது நல்ல வாசல். நம் ஊர்ப் பெயர் இருக்கிறது என்பதற்காகவே பாட்டைத் தூக்கி வைத்துப் பேசத் தொடங்கினால் மட்டும் கொஞ்சம் நிறுத்திக்கொள்ளுங்கள்.

திறப்பதற்கு முன் ஐந்து நிமிடம்

தலைப்புப் பக்கத்துக்குப் பின்னால் பொடி எழுத்தில் இருக்கும் பதிப்பு விவரத்தைப் படியுங்கள். முதற்பதிப்பு எந்த ஆண்டு என்று பார்க்காமல், பளபளப்பான புது அட்டையை நம்பி, 1950களில் எழுதியதைப் ‘பழைய பாணி’ என்று குறை சொல்வது அடிக்கடி நடக்கிறது. மொழிபெயர்ப்பு என்றால் மூலத்திலிருந்து நேரடியாக வந்ததா, ஆங்கிலம் வழியாக வந்ததா என்று பாருங்கள். இரண்டு கை மாறி வந்த வாக்கியம் முரடாக இருந்தால் அந்தக் குறையை மூல ஆசிரியர் தலையில் கட்ட முடியாது. ‘சுருக்கம்’ என்ற சொல் எங்காவது ஒளிந்திருக்கிறதா என்றும் தேடுங்கள். சுருக்கிய பதிப்பைப் படித்துவிட்டு, பாத்திரங்கள் திடீர் திடீரென்று மனம் மாறுகிறார்கள் என்று ஆசிரியரைக் குறை சொல்வது வீண் வேலை.

பிறகு குறிப்பேட்டில் மூன்று வரி எழுதுங்கள். இந்த வகையில் இதுவரை எத்தனை புத்தகம் படித்திருக்கிறேன். இதில் எது எனக்குப் பிடிக்காது என்று நினைக்கிறேன். யார் சொல்லி எடுத்தேன். மூன்றாவது வரி அற்பமாகத் தோன்றும், ஆனால் அதில்தான் விஷயம் இருக்கிறது. மதிக்கிற ஆசிரியர் கொடுத்த புத்தகத்துக்குக் கூடுதல் பொறுமை காட்டுவோம். மச்சான் திணித்த புத்தகத்தை 10ஆம் பக்கத்திலேயே வெறுக்கத் தொடங்கிவிடுவோம்.

எவ்வளவு படித்தால் பேசலாம்

நாவல் என்றால் ஐந்தில் ஒரு பங்கோ 60 பக்கமோ, எது அதிகமோ அதுவரை போங்கள். அதற்குப் பிறகு நிறுத்தினால் குற்றமில்லை, ஆனால் நிறுத்திய பக்க எண்ணைச் சொல்லியே ஆக வேண்டும். ‘72ஆம் பக்கத்தில் விட்டுவிட்டேன்’ என்பது நேர்மையான கருத்து. முழுக்கப் படித்த பாவனையில் பேசுகிறவரை முடிவைப் பற்றிய ஒரு கேள்வியிலேயே பிடித்துவிடலாம். சிறுகதைத் தொகுப்பில் மூன்று கதை கட்டாயம்: முதல் கதை, தொகுப்புக்குப் பெயர் தந்த கதை, எல்லாவற்றிலும் சின்னது. கவிதை ஒரு நாளைக்குப் பத்துக்கு மேல் வேண்டாம், ஒவ்வொன்றும் இரண்டு முறை வாய்விட்டு. பத்தைத் தாண்டினால் பன்னிரண்டாவது கவிதை முன்னதன் மிச்சமாகத்தான் காதில் விழும்.

துப்பறியும் கதைக்கு இந்தச் சலுகை எதுவும் கிடையாது. முடிவுதான் அதன் உயிர் என்பதால், பாதியில் விட்டவர் அதைப் பற்றிப் பேசாமல் இருப்பது நல்லது.

கனமான புத்தகத்துக்கு இந்தக் கரையில் தோதான காலம் ஒன்று தானாகவே அமைகிறது. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை, 61 நாள், விசைப்படகுகளுக்குத் தடைக்காலம். வலை பின்னவும் படகு பழுது பார்க்கவும் போக, ஒரு நாளைக்கு 20 பக்கம் படித்தால் 1,220 பக்கம் முடியும். இந்தக் கணக்கைச் செய்யுளுக்குப் போடாதீர்கள். நபிகள் நாயகத்தின் வரலாற்றைப் பாடும் காப்பியமான சீறாப்புராணத்தில் 5,027 பாடல். 61ஆல் வகுத்தால் நாளுக்கு 82க்கு மேல் வரும். அந்த வேகத்தில் யாருக்கும் பாட்டு நிற்காது. அவை மொத்தம் 92 படலமாக, அதாவது அத்தியாயமாக, பிரிந்திருக்கின்றன. ஐந்தாறு படலத்தைத் தேர்ந்து உரையோடு நிதானமாகப் போவதே மேல். கருத்தில் ‘ஐந்து படலம் படித்தேன்’ என்று எழுதிவிட்டால் கணக்குச் சரியாகிவிடும்.

குறிப்பேடு

வேலையின் பெரும்பகுதி இங்கேதான். 80 பக்கச் சின்ன நோட்டு ஒன்று, பென்சில் ஒன்று. மைப்பேனா வேண்டாம், வாடைக் காலத்தில் கடலோர வீட்டில் தாள் ஈரம் ஏறிக் கிடக்கும், மை ஊறிப் பரவும். இரவல் புத்தகத்திலும் நூலகப் புத்தகத்திலும் கோடு போடக் கூடாது என்பதால் இடையில் வைக்க நறுக்குகள் தேவை. பழைய நாட்காட்டித் தாளைக் கிழித்து வைக்கலாம். நன்கு காய்ந்த பனையோலை கிடைத்தால் இன்னும் நல்லது, மடங்காது. சோற்றுப் பருக்கையோ பசையோ தொட்டு ஒட்ட வேண்டாம், ராமபாணப் பூச்சிக்கு விருந்து வைத்த மாதிரி ஆகிவிடும்.

ஒவ்வொரு குறிப்புக்கும் பக்க எண், ஒரு வரி, கடைசியில் ஓர் அடையாளம். குறை புத்தகத்தில் என்று தோன்றினால் ‘பு’. தனக்குப் பழக்கமில்லாததால் இடறியது என்றால் ‘நா’. எதுவென்று தெரியாவிட்டால் கேள்விக்குறி. பிடித்த இடத்துக்கும் இதே அடையாளம்தான், அதை மறந்துவிடுகிறார்கள். நம் ஊர்ச் சாப்பாடு வந்ததால் பிடித்ததா, எழுத்தால் பிடித்ததா என்பதும் பிரித்துப் பார்க்க வேண்டியதே. 250 பக்கப் புத்தகத்துக்கு 25, 30 குறிப்பு சரியான அளவு. பத்துக்குக் கீழே இருந்தால் ஓட்டமாக ஓடியிருக்கிறீர்கள். 60ஐத் தாண்டினால் புத்தகத்தைப் பிரதி எடுக்கிறீர்கள்.

படித்து முடித்ததும் உடனே எழுத உட்காராமல் இரண்டு வேலை செய்யுங்கள். கேள்விக்குறி போட்ட இடங்களில் மூன்றை எடுத்து, வேறு நேரத்தில் திரும்பப் படியுங்கள். இராத்திரிச் சாப்பாட்டுக்குப் பிறகு இழுத்த பக்கம் காலையில் இழுக்காமல் போகலாம்; அப்படியானால் அது ‘நா’. காலையிலும் இழுத்தால் தயங்காமல் ‘பு’ என்று மாற்றுங்கள். அடுத்து, குறிப்புகளைப் பின்னாலிருந்து முன்னாகப் படியுங்கள். பழகாத வகையில் முதல் 40 பக்கக் குறிப்பெல்லாம் புகாராகவே இருக்கும், ஏனென்றால் புத்தகத்தின் நடைக்குக் கண் இன்னும் பழகவில்லை. கடைசி மூன்றில் ஒரு பங்கில் அந்தப் புகார் தொடர்கிறதா என்று பாருங்கள். தொடர்ந்தால் அது குறை. தானாக நின்றுபோயிருந்தால், அங்கே நீங்கள் பழகிக்கொண்டிருந்தீர்கள், அவ்வளவுதான். பெரும்பாலான அநியாயக் கருத்துகள் முதல் 40 பக்கக் கோபத்தை அப்படியே எழுதி வைத்தவை.

வட்டார வழக்குக்குத் தனிப் பக்கம் ஒதுக்குங்கள். கீழக்கரைப் பக்கத்து முஸ்லிம் குடும்பக் கதை ஒன்றைப் பரமக்குடிக்காரர் படித்தால் வாப்பா, உம்மா தெரிந்திருக்கும். காக்கா அண்ணன் என்பதும் லாத்தா அக்கா என்பதும் தெரியாமல் உறவுமுறையே குழம்பிவிடும். தெரியாத சொல்லைப் பக்க எண்ணோடு எழுதி, 20 சேர்ந்ததும் தெரிந்தவரிடம் ஒரே மூச்சில் கேளுங்கள். கேட்ட பிறகும் காட்சி விளங்காவிட்டால்தான் ‘புரியவில்லை’ என்று எழுதும் உரிமை வருகிறது.

எந்தக் கோலால் அளப்பது

வஞ்சிரத்தை எடை போடுகிற தராசில் முத்தை நிறுக்க மாட்டோம். புத்தக விஷயத்தில் அதைத்தான் தினமும் செய்கிறோம்.

கீழக்கரை வள்ளல் சீதக்காதியின் தூண்டுதலில் உமறுப்புலவர் பாடிய சீறாப்புராணத்தையே பாருங்கள். நாவல் மட்டும் படித்தவர் நாட்டுப் படலத்தைத் தொட்டதும் சிரிப்பார்: அரபு நாட்டில் ஏது இத்தனை ஆறும் வயலும்? அது புலவருக்குத் தெரியாமல் நேர்ந்த பிழை அல்ல. பெருங்காப்பியம் என்றால் மலை, கடல், நாடு, நகர், பருவம் ஆகிய வருணனை வேண்டும் என்று தண்டியலங்காரம் வகுத்து வைத்திருக்கிறது. அந்த மரபில் நின்று, மக்கத்துக் கதையைத் தமிழ் மருதத்தில் நட்டிருக்கிறார். ஆகவே ‘நம்பும்படி இல்லை’ என்பது இங்கே செல்லாத புகார். வருணனை புதிதாக இருக்கிறதா, முன்னோர் பாடியதையே திருப்பிப் பாடுகிறதா? கதை வேகம் பிடிக்க வேண்டிய இடத்தில் வருணனை குறுக்கே நிற்கிறதா? இவை செல்லும் கேள்விகள். இவற்றைக் கேட்டுவிட்டு ‘மூன்றாம் படலத்தில் அலுத்துவிட்டது’ என்று எழுதினால் தமிழ் அறிஞரும் காது கொடுப்பார்.

துப்பறியும் கதைக்குக் கோல் வேறு. அதில் பாத்திரங்களின் மன ஆழத்தைத் தேடாதீர்கள். ஆட்டம் நேர்மையாக நடந்ததா என்று பாருங்கள். முடித்த பிறகு, குற்றவாளியைக் காட்டிக்கொடுத்த மூன்று தடயத்தை எழுதிக்கொண்டு, ஒவ்வொன்றும் எந்தப் பக்கத்தில் முதலில் வந்தது என்று திரும்பிப் போய்த் தேடுங்கள். மூன்றும் விளக்கத்துக்கு முன்பே கண்ணில் பட்டிருந்தால் ஆசிரியர் ஜெயித்தார். கடைசி அத்தியாயத்தில் திடீரென ஓர் இரட்டைச் சகோதரன் இறங்கினால் ஏமாற்று. கால் மணி நேர வேலை இது. இதைச் செய்யாத இலக்கிய வாசகர்தான் ‘எல்லாம் ஒரே மாதிரி’ என்று ஒரு வகையையே தள்ளிவிடுகிறார்.

அறிவியல் புனைகதையில் நடக்காத ஒன்றை ஆசிரியர் வைத்துக்கொள்ளலாம். தான் போட்ட விதியைத் தானே மீறினாரா என்பதுதான் அங்கே பார்க்க வேண்டியது. தன்வரலாறு என்றால் யார் எழுதினார்கள் என்று முதலில் பாருங்கள். இராமேசுவரத்துக்காரர் அனைவருக்கும் தெரிந்த அப்துல் கலாமின் தன்வரலாறு 1999இல் ஆங்கிலத்தில் வந்தது, அருண் திவாரியோடு சேர்ந்து எழுதியது. தமிழில் அக்கினிச் சிறகுகளாகப் படிக்கிறவர் வாக்கியத்தின் அழகைப் பற்றிப் பேசுமுன், அது எத்தனை கை தாண்டி வந்தது என்பதை நினைத்துக்கொள்ள வேண்டும்.

இனி அந்தக் காற்றுப் பிழை. தகவல் பிழை எல்லாம் ஒரே எடை அல்ல. மார்கழியில் ‘கச்சான் முகத்தில் அடித்தது’ என்று ஒரு வரி வந்து போனால், கருத்தில் அரை வாக்கியம் போதும். ஆனால் இயந்திரம் நின்றுபோன வல்லம் அந்தக் கச்சானில் வடகிழக்கே அடித்துப் போய் இலங்கைப் பக்கம் ஒதுங்குகிறது, நாயகன் சிறைப்படுகிறான், அதற்குப் பிறகுதான் கதையே என்றால் நாவலின் முதுகெலும்பு முறிந்துவிட்டது. மார்கழி வாடை அந்த வல்லத்தைத் தெற்கே அல்லவா தள்ளியிருக்கும்? அதைப் பத்தி ஒதுக்கி எழுதுங்கள். வடகடலையும் தென்கடலையும் மாற்றிப் போடுவதும் இப்படியே. வாடையில் பாக் நீரிணைப் பக்கம் கொந்தளிக்கும், மன்னார் வளைகுடாப் பக்கம் அடங்கும், கச்சானில் தலைகீழ். எழுதுவதற்கு முன் இன்னொன்றையும் சரிபாருங்கள்: காற்றின் பெயர் கரைக்குக் கரை கொஞ்சம் மாறும். கதை குமரிக் கரையில் நடந்தால் அந்த ஊர் வழக்கைக் கேட்காமல் பிழை என்று அடிக்காதீர்கள்.

எழுதும்போது

250 முதல் 300 சொல் போதும். முதல் வாக்கியத்திலேயே வழக்கமாக என்ன படிப்பீர்கள் என்பதைச் சொல்லிவிடுங்கள். அதைத் தெரிந்துகொண்டால் வாசிப்பவர் உங்கள் கருத்தை எந்த அளவுக்குக் கூட்டிக் குறைத்து எடுத்துக்கொள்வது என்று தானே முடிவு செய்வார். அடுத்து, புத்தகம் செய்ய நினைத்தது இரண்டு வாக்கியத்தில். பிறகு ‘பு’ குறிப்புகளில் வலுவான மூன்று. பிறகு ‘நா’ குறிப்புகளில் ஒன்றாவது. ஒன்றுகூட இல்லை என்றால் குறிப்பேட்டைத் திரும்பப் பாருங்கள், எங்கோ உங்களுக்கு நீங்களே சலுகை கொடுத்திருக்கிறீர்கள்.

அருமை, இழுவை, விறுவிறுப்பு, ஆழம், எதார்த்தம் ஆகிய ஐந்து சொல்லையும் பக்க எண் இல்லாமல் பயன்படுத்தாதீர்கள். ‘ஒரே இழுவை’ என்பதை இப்படி மாற்றலாம்: ‘முதல் 80 பக்கத்தில் ஒன்பது பேர் அறிமுகமாகிறார்கள், கொலை 84ஆம் பக்கத்தில். குடும்பக் கதை படித்துப் பழகியதால் அந்த ஒன்பது பேர் எனக்குப் பிடித்தார்கள். கொலைக்காக வாங்கியவருக்குப் பொறுமை போய்விடும்.’ இதில் புத்தகமும் தெரிகிறது, படித்தவரும் தெரிகிறார். ‘கவிதைகள் ஆழமானவை’ என்பதற்குப் பதிலாக: ‘40 கவிதையில் 11 விளங்கின. உப்பளத்தைப் பற்றிய நாலும் மனதில் தங்கின. கடைசி 15இல் தலைப்பை எடுத்துவிட்டால் ஒன்றை இன்னொன்றிலிருந்து பிரிக்க முடியவில்லை. இரண்டு முறை படித்தும் அப்படித்தான்.’

கடைசி வரி, இது யாருக்கு ஆகும் என்பதாக இருக்கட்டும். சீர்காழிக்காரரான எஸ்.ஆர். ரங்கநாதன் 1931இல் வெளியிட்ட நூலக ஐந்து விதிகளில் மூன்றாவது, ஒவ்வொரு நூலுக்கும் அதற்குரிய வாசகர் என்பது. உங்களுக்கு ஆகாத புத்தகத்துக்கு ஆகிற ஆளைக் காட்டுங்கள். ‘எல்லோரும் படிக்கலாம்’ என்றால் யாருக்கும் வழி சொல்லவில்லை. ‘ரயில்வே வேலையில் இருந்தவர்கள், பழைய கணக்கு வழக்குகளில் ருசி உள்ளவர்கள்’ என்றால் ஒருவராவது எழுந்து போய் எடுப்பார்.

எழுதியவர் பக்கத்துத் தெருவில் இருந்தால்

கடற்கரை ஊர்கள் சின்னவை. ஆசிரியர் உறவாகவோ, பிள்ளைக்குப் பாடம் நடத்துகிறவராகவோ, தினமும் டீக்கடையில் பார்ப்பவராகவோ இருப்பார். வெளியீட்டு விழா மேடையில் குறை சொல்லாதீர்கள்; அது கல்யாண வீடு மாதிரி. அதற்காக அங்கே புளுகவும் வேண்டாம், ‘படித்துக்கொண்டிருக்கிறேன்’ என்றால் போதும். இரண்டு வாரம் கழித்துத் தனியாக, புத்தகத்தைக் கையில் வைத்துக்கொண்டு பேசுங்கள்.

“அண்ணே, நான் துப்பறியும் கதை படிக்கிற ஆளு, இந்த மாதிரி நாவல் எனக்குப் புதுசு. நூத்திப் பத்தாம் பக்கம் வரைக்கும் அந்தச் சம்மாட்டி பேசுறது காதுலயே கேட்டுச்சு. அதுக்கப்புறம் அவரு வாத்தியார் மாதிரி பேச ஆரம்பிச்சுட்டாரு.”

“எந்த இடம் தம்பி?”

“இந்தா, நூத்திப் பதினாலு. ‘சமுதாயத்தின் ஏற்றத்தாழ்வு’ன்னு வலை காயப்போடுற இடத்துல சொல்றாரு.”

பக்கத்தைக் காட்டியதும் பேச்சு ஆளைப் பற்றியதாக இல்லாமல் 114ஆம் பக்கத்தைப் பற்றியதாகிவிடும். பிடித்த இடத்தை முதலில் சொன்னது நயத்துக்காக மட்டும் இல்லை. பேச்சு எங்கிருந்து மாறியது என்று எழுதியவர் ஒப்பிட்டுப் பார்க்க அந்த எண் வேண்டும். அவர் கோபப்பட்டால் வாதாடாமல், குறிப்பை மட்டும் கொடுத்துவிட்டு வாருங்கள். நெருங்கிய உறவு என்றால் பொதுவில் எழுதும் கருத்தின் முதல் வரியில் உறவையும் சேர்த்துவிடுங்கள், அல்லது எழுதாமல் விட்டுவிடுங்கள்.

குறிப்பேட்டில் ஒவ்வொரு கருத்துக்கும் கீழே நாலு வரி காலியாக விடுங்கள். ஆறு மாதம் கழித்து அதே வகையில் இன்னும் இரண்டு மூன்று படித்திருந்தால், பழைய கருத்தை அடிக்காமல், கீழே தேதி போட்டு மாறியதை மட்டும் எழுதுங்கள். இரவல் புத்தகத்தைத் திருப்பிக் கொடுக்கும்போது நறுக்குகளை எடுத்துவிடுங்கள். எத்தனை வைத்தீர்கள் என்று நோட்டின் மூலையில் எண்ணி எழுதியிருந்தால் பக்கம் பக்கமாகத் தேட வேண்டியதில்லை.